இசக்கியம்மாளின் இருபது பிரதிகள்

முத்தாலங்குளம் நூற்பாலையின் பி லைன் குவார்ட்டர்ஸில் முப்பத்திரண்டு வீடு, முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, முப்பத்திரண்டு பச்சைக் கதவுக்கும் ஒரே குழாய், அந்த ஒரே குழாய்க்கு ஒரே வாய், அந்த வாய் பதினேழாம் நம்பர் இசக்கியம்மாளுடையது. மோட்டார் ரூம் சாவியை அவளிடம் யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, அதை அவளிடமிருந்து பிடுங்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. காலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று, ஒரு வீடு பாக்கியில்லாமல் பெயர் சொல்லித் திட்டுவாள். "ஏ நாலாம் நம்பரு செவத்தியா, சவத்து மூதி, உங்க ஆத்தா கல்யாணப் பந்தியில ரெண்டு எலை எடுத்தவ, நீ ரெண்டு கொடம் கூட வைக்க! ஏ பதினொண்ணு மாரியப்பா, உங்கப்பன் செல்லையா ரிங் பிரேமுல தூங்கி வெரலைக் குடுத்தவன், நீ வரிசையில தூங்குத! ஏ பதினெட்டு ஆவுடையப்பா, சங்கத்துச் செயலாளரு, எட்டாப்புல மூணு வருஷம் குந்தின மேதை, நகருலே!" இப்படி ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை. சுவருக்கு இந்தப் பக்கம் சி லைனில் இருந்த எங்களுக்கு ரேடியோ தேவைப்பட்டதே இல்லை. சுவர் மேல் காபியோடு ஏறி உட்கார்ந்தால் போதும், யார் மகன், யார் மருமகள், யார் எப்போது எதில் வழுக்கி விழுந்தார்கள் என்ற வரலாறு முழுக்க அரை மணியில் முடிந்துவிடும்.

பி லைனில் அவளைப் பிடித்த ஆள் ஒருவர்கூட இல்லை. அவளுக்கும் அப்படியே.

ஆவணியில் அவள் வீட்டுக்காரர், பாய்லர் ரூம் சுடலைமுத்து, செத்துப் போனார். தையில் பெர்சனல் ஆபீசர் கோதண்டராமனிடமிருந்து கடிதம் வந்தது. கோதண்டராமனுக்கு வாயைத் திறந்தால் முதலில் விழுவது 'ஆகவே'. முன்னால் எதுவும் சொல்லாமலே ஆகவே என்பார், சாப்பிட உட்கார்ந்தாலும் "ஆகவே, ரசம்" என்பார். ஆபீசர்களுக்கான குவார்ட்டர்ஸ் கட்டி முடியாததால் அவரும் பி லைனிலேயே ஒண்ணாம் நம்பரில் இருந்தார், அதனால் அவரும் தினம் குழாயடியில் தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தார். கடிதம் இதுதான்: ஆகவே, குவார்ட்டர்ஸ் ரிஜிஸ்டரில் பதினேழாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயர் அடிக்கப்பட்டது, உங்கள் பெயர் அதில் எப்போதும் இருந்ததில்லை, பதினைந்து நாளில் காலி செய்யவும். அந்த வீட்டின் மேல் பதினெட்டாம் நம்பர் ஆவுடையப்பனுக்குக் கண். மகனுக்குப் பங்குனியில் கல்யாணம். நடுச்சுவரை இடித்தால் ஒரே வீடு. இசக்கியம்மாளுக்குப் போக இருந்த இடம் தூத்துக்குடித் தங்கை வீடு ஒன்றுதான், தங்கையோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் ஆபீசுக்குப் போனாள். கோதண்டராமன் சீட்டில் இல்லை, யாரையாவது திட்டியாக வேண்டும், பக்கத்தில் இருந்தது கம்ப்யூட்டர் ரூம். அங்கே ஆளுயரக் கறுப்பு அலமாரி போல ஒரு பழைய யூனிக்ஸ் மெஷினும், மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் பிலோமினாவும் இருந்தார்கள். மெஷினுக்குள் பல டிஸ்க்குகள், டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு குரூப். அன்றைக்கு ஒரு டிஸ்க் முனகிக்கொண்டிருந்தது. அது எந்தக் குரூப் என்று மெஷினின் ரிஜிஸ்டர் ஒன்று சொன்னது, பிலோமினாவின் ஞாபகம் வேறொன்று சொன்னது. அந்த மாதிரி நேரத்துக்கென்று எல்-குவெரி-விஜி என்று அடிமட்டத்துக் கமாண்டு ஒன்று உண்டு. மேலே இருக்கிற கமாண்டெல்லாம் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுப் பதில் சொல்லும், இது ரிஜிஸ்டரைத் தாண்டிப் போய் டிஸ்க்கின் நெற்றியில் அதுவே எழுதி வைத்திருப்பதைப் படிக்கும். நீ யார், உன் குரூப் எது, அதில் எத்தனை பேர், உன்னிடம் காலி இடம் எத்தனை துண்டு, ஒரு துண்டு எவ்வளவு பெரிசு என்று நேருக்கு நேர் கேட்கும். அதைத் தட்டிவிட்டு பிலோமினா எண்டரை அழுத்திய அதே நேரத்தில் இசக்கியம்மாள் அலமாரியில் கையை ஊன்றி, "ஏட்டி ஸ்வெட்டருக்காரி, எங்கட்டி உங்க ஆகவே?" என்றாள்.

திரையில் வந்தது டிஸ்க்கின் விவரம் இல்லை. குரூப்: பி லைன். சேரக்கூடியவர்: அறுபத்து நாலு. இருப்பவர்: முப்பத்திரண்டு. காலித் துண்டு: சுழி. அதன் கீழே முப்பத்திரண்டு வீட்டுக்காரர் பெயர், பதினேழில் இசக்கியம்மாள்.

பிலோமினா அதைப் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள். எந்த பிரிண்டுக்கும் அவள் கையெழுத்து வாங்குவாள்.

இசக்கியம்மாள் காகிதத்தோடு வெளியே வந்தபோது கோதண்டராமன் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். "பாத்துக்கிடும். என்னையக் கேட்டா நான் யாருன்னு நான் சொல்லுதேன். உம்ம ரிஜிஸ்டரு யாருவே நான் யாருன்னு சொல்ல?" கோதண்டராமன் கண்ணாடியை ஏற்றிக் காகிதத்தைப் படித்து, அதில் அதிசயிக்க எதையும் காணாமல், முத்திரை இல்லை என்பதை மட்டும் கண்டார். "ஆகவே, ரிஜிஸ்டரே செல்லும்."

அடுத்த நாளே கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வரிசை நின்றது. எப்படி ஒரு அலமாரி மனுஷரைப் படிக்கிறது என்று ஒருத்தர் கேட்டிருந்தால்தானே; எல்லோரும் கேட்டது ஒன்றுதான், எனக்கு முன்னால் எத்தனை பேர். மாமியார்கள் மருமகள்களின் கையைப் பிடித்து இழுத்து வந்து அலமாரியில் அழுத்திக் காலித் துண்டு எத்தனை என்று பார்த்தார்கள், இருந்தால் 'இவ்வளவு எடத்தை வச்சிக்கிட்டு எம்மவனுக்கு ஒரு சொல்லு உள்ள போகல பாரு' என்றார்கள், இல்லாவிட்டால் 'உள்ள என்னத்தட்டி அடைச்சு வச்சிருக்க' என்றார்கள். துண்டின் அளவை அந்தக் கமாண்டு நேராகச் சொல்லாது. நாலு என்றால் நாலு இல்லை, ரெண்டை நாலு தடவை பெருக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ஐந்து வந்தவன் நாலு வந்தவனைப் பார்த்து 'ஒண்ணுதானலே கூட' என்று பெருந்தன்மையாகச் சிரித்ததும், கணக்கு தெரிந்த ஒருத்தி 'ஒண்ணு இல்லண்ணாச்சி, ரெட்டிப்பு' என்றதும், சைக்கிள் ஸ்டாண்டில் சட்டை கிழிந்ததும் நடந்தது. கேன்டீன்காரர் வரிசைக்குப் பக்கத்தில் உளுந்த வடை போட்டார். கோயில் கொடைக் கமிட்டி, கையில் பி லைன் பிரிண்ட் இல்லாதவர்களுக்குப் பிரசாதம் இல்லை என்று போர்டு வைத்தது. நாங்கள் சி லைன் என்பதால் எங்கள் வரிசை தனி, எங்கள் வடையும் தனி, ஆனால் வேடிக்கைக்கு வரிசை கிடையாது.

ஆவுடையப்பனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. பதினைந்தில் பத்து நாள் போய்விட்டது, தெரு முழுக்க இசக்கியம்மாள் அந்தக் காகிதத்தை ஆட்டிக்கொண்டு திரிந்தாள். சங்கத்தில் கூட்டம் போட்டு எழுந்து நின்றான். குரல் சீப்பு வைத்து வாரியது போல இருக்கும் அவனுக்கு. "தோழர்களே, ஒரு தனிநபர் கையை வச்சு எடுத்த காகிதம் செல்லாது. பொதுவா எடுக்கணும். நிர்வாகம் எடுக்கணும். அதில் உள்ளபடி நடக்கணும்." கோதண்டராமனுக்கும் இது பிடித்திருந்தது. "ஆகவே, நானே எடுக்கிறேன்" என்று வந்தார்.

அந்தக் கமாண்டோடு ஒரு எழுத்து சேர்த்தால்தான் எண்களுக்கு முன்னால் தலைப்பு வரும். சேர்க்காவிட்டால் எண் மட்டும் மொட்டையாக வரும். அந்த வாரம்தான் பேப்பர் சிக்கனச் சுற்றறிக்கை ஒன்றைக் கோதண்டராமனே அனுப்பியிருந்தார். "ஆகவே, தலைப்பு வேண்டாம்" என்றார். பிலோமினா ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, மொட்டையாகவே அடித்துக் கொடுத்தாள். பெயர், பெயருக்கு நேரே ஒரு எண். பன்னிரண்டு பெயருக்கு நேரே ஒன்று. பத்தொன்பது பெயருக்கு நேரே சுழி. கோதண்டராமனுக்குச் சுழி, ஆவுடையப்பனுக்குச் சுழி. இசக்கியம்மாளுக்கு நேரே இருபது.

கோதண்டராமன் அந்த இருபதை விரலால் தட்டினார். முகம் மலர்ந்தது. "இருபது புகார்!"

வரிசை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தான் கொடுத்த புகார் நினைவிருந்தது. 'என்னோடது ஒண்ணு', 'என்னோடது ரெண்டு', 'எங்க அம்மா கொடுத்ததை எண்ணியிருக்கா பாருங்க.' தங்கள் பெயருக்கு நேரே சுழி கண்டவர்கள் தங்களை ஒருவரும் குறை சொன்னதில்லை என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"சார், அது புகார் இல்ல" என்றாள் பிலோமினா. "குரூப்பில யார் யார் இருக்காங்கன்னு முழுப் பட்டியலும் ஒவ்வொரு டிஸ்க்கிலயும் ஒரு பிரதி இருக்கும். அந்த எண் யார்கிட்ட எத்தனை பிரதிங்கிறது. மொத்தம் முப்பத்திரண்டு பிரதி. இவங்க பத்தொன்பது பேரும் அவங்கவங்க பிரதியத் தொலைச்சிட்டாங்க, அதெல்லாம் இந்தக்காகிட்ட போய்ச் சேர்ந்திருக்கு. பாதிக்கு மேல கையில இல்லன்னா குரூப்பு நின்னு போகும். உங்க சங்கத்தில கோரம்னு சொல்றீங்களே, அது."

"ஆகவே, அடிக்கிறது உங்க வேலை. படிக்கிறது என் வேலை."

"சரி சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

பதினைந்தாம் நாள் காலையில் குட்டியானை வண்டி வந்தது. சாமான் ஏற்ற ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இசக்கியம்மாளே கட்டிலை இழுத்து, ஆட்டுக்கல்லை உருட்டி, பாய்லர்காரர் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினாள். முப்பத்திரண்டில் முப்பத்தொரு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஆவுடையப்பன் கையில் சுவர் இடிக்கச் சம்மட்டியே வைத்திருந்தான். "எட்டாப்பு," என்றாள் அவனைப் பார்த்து, "நீ நல்லாவே இருக்க மாட்ட." பிறகு எல்லாருக்கும் பொதுவாகக் காறித் துப்பினாள். வண்டி மெயின் கேட்டைத் தாண்டியது.

பி லைன் நின்று போனது.

சத்தமெல்லாம் ஒன்றுமில்லை. ஆவுடையப்பன் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தான், இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம், "இது உங்களுடையதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். "தெரியலைங்களே, உங்களுடையதா இருக்கலாம்" என்றாள் அவள். நாலாம் நம்பர் செவத்தியான் பதினொண்ணாம் நம்பர் மாரியப்பனுக்கு வழிவிட்டார், மாரியப்பன் செவத்தியானுக்கு வழிவிட்டார், இரண்டு பேரும் மதியம் வரை வழிவிட்டுக்கொண்டே நின்றார்கள். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பிரதி பத்திரமாக இருக்கத்தான் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் சேராவிட்டால் எந்தப் பிரதியும் வாய் திறக்காது. முப்பத்தொரு பச்சைக் கதவும் திறந்து கிடந்தன, எது தன் கதவென்று தெரியாமல் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள், உள்ளே வரச் சொல்லி எல்லோரும் எல்லோரையும் உபசரித்தார்கள். மோட்டாரை யாரோ போட்டார்கள். குழாயில் தண்ணீர் கொட்டியது. "நீங்க பிடிங்க." "ஐயோ, பெரியவங்க நீங்க பிடிங்க." "இல்லைங்க, உங்களுக்கு அவசரமா இருக்கும்." ஒரு குடம் நிறையவில்லை. தண்ணீர் சாக்கடையில் ஓடி, எங்கள் சி லைன் வாசலில் குளமாகத் தேங்கியது.

சிரித்து உருண்டோம் முதலில். சுவர் மேலிருந்து அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தோம், "எட்டாப்பு!" என்று ஆவுடையப்பனைப் பார்த்து இசக்கியம்மாள் மாதிரியே கத்தினோம். அவன் கைகூப்பி, "வணக்கமுங்க, என்னையவா கூப்பிட்டீங்க?" என்றான். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. இருட்டுவதற்குள் ஒருத்தியின் இடுப்பில் இருந்த பிள்ளை அழுதது, யார் பிள்ளை என்று அவளுக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை, ஒன்பது பெண்கள் சுற்றி நின்று, "தூக்கலாங்களா?" என்று ஒருவரையொருவர் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுவர் ஏறிக் குதித்துப் பால் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் ஷிப்டுக்கு ஒருத்தரும் போகவில்லை, பதினோரு ரிங் பிரேம் நின்றது. கோதண்டராமன் பைலை அணைத்துக்கொண்டு மில் கேட்டில் வாட்ச்மேனிடம், "ஐயா, நான் இங்க யாருங்க?" என்று கேட்டார். ஆகவே கூட வரவில்லை அவருக்கு.

பிலோமினா டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், பி லைனில் அவள் பெயர் இல்லாததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் குதித்தார். "பிரதி வச்சிருக்கிற டிஸ்க்கைத் திரும்பக் கொண்டாந்து மாட்டணும் சார்" என்றாள், மாட்டப் புறப்பட்டாள். தூத்துக்குடித் தங்கை கதவைத் திறக்கவே இல்லையாம். வந்த வண்டியிலேயே திரும்பிய இசக்கியம்மாள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குட்டியானை ஸ்டாண்டில் கட்டிலை இறக்கிப் போட்டு, ஆட்டுக்கல்லில் கால் வைத்து உட்கார்ந்து, டிரைவர்களை ஒவ்வொருத்தராகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க. லைன் செத்துக் கெடக்கு."

"சாவட்டும்."

"பிள்ளைங்க இருக்குக்கா."

"அந்தப் பிள்ளையள்தான் எம்மேல சாணி எறிஞ்சது." ஆட்டுக்கல்லிலிருந்து காலை எடுத்தாள். "என் வீடு?"

"ரிஜிஸ்டர்ல உங்க பேரை ஏத்தணும். அதை ஆபீசர்தான் எழுதணும். அவருக்குத் தான் ஆபீசர்ன்னே தெரியல."

"அப்ப லேசா எழுத வச்சிரலாம்ல."

"இப்ப எழுதினா செல்லாது. நீங்க அவரை அவரா ஆக்கிட்டா எழுத மாட்டார்."

இசக்கியம்மாள் இதை மென்றாள். வெற்றிலையையும் மென்றாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "கட்டிலை ஏத்துலே" என்றாள்.

பதினேழாம் நம்பர் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, வண்டியின் பின்பக்கம் கட்டிலில் ஏறி நின்றாள். பி லைன் முழுக்க மரியாதையாகக் கைகட்டி நின்றது. அவள் ரெண்டாம் நம்பரிலிருந்து தொடங்கினாள். பெயர், அப்பன் பெயர், ஆத்தா செய்த அட்டூழியம், அண்ணன் தம்பிச் சண்டை, ஒளித்து வைத்த சீக்கு, தோற்ற வகுப்பு, எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்று விடாமல், காறிக் காறித் துப்பி. திட்டு காதில் விழ விழ முகம் முகமாகத் திரும்பின. செவத்தியான் நிமிர்ந்து, "யாரைப் பாத்துட்டி எலை எடுத்தவங்குத?" என்றார், அவர் சம்சாரம் அவரை அடையாளம் கண்டு, மூன்று நாள் எங்கே போய்த் தொலைந்தாய் என்று அறைந்தாள். பிள்ளைகள் இடுப்பு மாறின. ஆவுடையப்பனுக்கு மட்டும் தனியாக அரை மணி எடுத்துக்கொண்டாள். அவன் திரும்பி வந்ததும் முதலில் சொன்னது: "எம்மவன் வீட்டு முன்னால என்னத்துக்குட்டி வண்டிய நிறுத்துத?"

"வந்துட்டான்" என்றாள் இசக்கியம்மாள், ஒரு வேலை முடிந்த மாதிரி.

பாக்கி இருந்தது ஒண்ணாம் நம்பர். கோதண்டராமன் பைலை அணைத்தபடி புன்னகையோடு காத்திருந்தார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்து, கொஞ்சமாகத்தான் கொடுத்தாள். "உன் பேரு கோதண்டராமன். இந்த மில்லுக்குப் பெர்சனல் ஆபீசரு. பேனா பையில இருக்கு." அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உடம்பில் ஒரு பாதி விறைத்தது. "ஆகவே," என்றார், மூன்று நாளுக்குப் பிறகு ருசித்து, "ஆகவே, உங்கள் பெயர் ரிஜிஸ்டரில் இல்லை. வண்டியை எடுங்க."

"எடுக்கேன். நீரும் வீட்டுக்குப் போயிச் சாப்பிடும்."

அவர் திரும்பினார். முப்பத்திரண்டு பச்சைக் கதவு, எது அவருடையது என்பதை மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை. கைக்கு எட்டிய கதவைத் தட்டினார். "இது உங்க வீடில்ல சார்." அடுத்தது. "இங்க இல்லைங்க சார்." செவத்தியான் கதவைத் திறந்து, பின்னால் கறிக்குழம்பு மணக்க, மிகவும் வருத்தத்தோடு தலையாட்டினார். ஆவுடையப்பன்கூட, இசக்கியம்மாளை ஒழிப்பதைவிட ஆபீசரை அலையவிடுவதில் ருசி கூட என்று கண்டுகொண்டு, "பக்கத்தில கேட்டுப் பாருங்க சார், எதுக்கும்" என்றான். ஒண்ணாம் நம்பரில் அவருடைய சம்சாரமே கதவைத் திறந்தாள். பெயர் கூப்பிடாவிட்டாலும் அக்கம்பக்கத்துச் சத்தத்திலேயே பாதி அவளுக்குத் தெளிந்திருந்தது. இருபது வருஷம் 'ஆகவே, ரசம்' ஊற்றியவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இது உங்க வீடு இல்லை சார்" என்று தாழ்ப்பாள் போட்டாள்.

நாலு மணிக்கு வெயிலில் சட்டை நனைந்து, நாக்கு ஒட்டி, அவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். பிலோமினா ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தாள். பதினேழு: இசக்கியம்மாள். எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரையும் வைத்தார்.

"ஒண்ணாம் நம்பரு" என்றாள் அவள். அவர் ஓடினார். அவர் முதுகைப் பார்த்து மீதி முழுவதையும் அவிழ்த்துவிட்டாள்: பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது, மேனேஜர் ரூமில் அழுதது, அவர் அப்பா, அவர் தாத்தா, தாத்தாவின் கோர்ட்டு வழக்கு, எல்லாம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பங்கு அவராக ஆகிக்கொண்டே போனவர், கதவைத் தொடுவதற்குள் முழு ஆளாகி, சரேலென்று திரும்பி அதே வேகத்தில் ஓடி வந்தார். "ஆகவே அந்தக் கையெழுத்தை அடிக்கிறேன்! கொடுங்க!"

பிலோமினா ரிஜிஸ்டரை நீட்டினாள். "அடிங்க சார். டிஸ்க்கிலயும் ஏறிடுச்சு. இருபது பிரதி, பாதிக்கு மேல. அதில அழிக்கணும்னா அந்தக்காவத்தான் கேக்கணும்."

பேனா கையில் நின்றது. பி லைன் வாசல் வாசலாக நின்று பார்த்தது, நாங்கள் சுவர் மேலிருந்து பார்த்தோம். அவர் மெதுவாக வண்டிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். இசக்கியம்மாள் அதற்குள் கீழே இறங்கி, கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கித் தோளில் சாய்த்திருந்தாள்.

"என்னவே முழிக்கேரு?" என்றாள். "அந்தக் காலைப் பிடியும்."

பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் கட்டில் காலைப் பிடித்தார்.